ஆற்றுகால் பகவதி: தோற்றப்பாட்டும் சொல்வழக்கும்

திருவனந்தபுரம் கிழக்கேக் கோட்டையிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில், மணக்காட்டை அடுத்து அமைந்துள்ளது ஆற்றுகால் பகவதி கோயில். கும்ப மாதத்தில், அதாவது தமிழ் மாசியில், கார்த்திகை நாளில் தொடங்கிப் பத்து நாள் நடைபெறும் இக்கோயில் விழாவின் ஒன்பதாம் நாள் பூர நாளாகும். அன்று பெண்கள் தெருக்களில் செங்கல் அடுப்புக் கூட்டிப் பொங்காலையிடுகின்றனர். 1997இல் 15 இலட்சம் பெண்களும் 2009இல் 25 இலட்சம் பெண்களும் கூடியதாகக் கின்னஸ் சாதனை நூலில் பதிவு பெற்ற விழா இது. பெருந்தொற்றின் காரணமாக 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் பொங்காலை வீட்டுமுற்றங்களில் இடப்பட்டது. கூட்டத்தின் அளவைப் பற்றிய செய்திகள் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. அக்கூட்டம் எந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கிறது என்பது மட்டும் பெரும்பாலும் கவனம் பெறுவதில்லை. விழாவின் முதல் நாள் தொட்டுப் பந்தலில் பாடப்பெறும் தோற்றப்பாட்டு, பாண்டியன் வதைப் பகுதியை எட்டியவுடனேயே முதல் அடுப்பு மூட்டப்படும். அப்பாட்டு கண்ணகி கதையாகும். தமிழ் வாசகர் அறிந்த கண்ணகி கதை அன்று என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

ஊர்ப்பெயர்

ஆறு என்னும் சொல் வேற்றுமைத் திரிபில் 'ஆற்று' என நிற்பது தமிழிலும் மலையாளத்திலும் ஒத்த வழக்கு. தமிழில் இதனை அடுத்து வல்லினம் வரின் மிகும்: ஆற்றுப்படை, காட்டுப்பன்றி. மலையாளத்தில் இவ்விடத்தில் வல்லினம் மிகுவதில்லை. 'காட்டுபன்னி' என்பதே அங்குள்ள வடிவம். எனவே 'ஆற்றுகால்' என எழுதுவது மலையாள வடிவத்தைக் காப்பது. 'ஆற்றுக்கால்' என எழுதுவது தமிழ்ப் புணர்ச்சிக்கு இணங்குவது. இரண்டில் எதையும் பிழை எனத் தள்ள இயலாது. ஆயினும் ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் கலந்து எழுதுவது தவிர்க்கத்தக்கது. றகர டகர வேறுபாடு காட்டாத ஆங்கில எழுத்தின் வழியாக இப்பெயர் தமிழுக்கு வருமாயின் 'ஆட்டுக்கால்' என்றாகிவிடும் இடர் உண்டு. அம்மன் கோயிலின் பெயர் உணவுவிடுதிப் பலகையை நினைவூட்டும்படி ஆவது மொழிபெயர்ப்பாளர் விரும்பத்தக்கதன்று.

இப்பெயரின் இரண்டாம் உறுப்பே சிக்கலானது. கால் என்பதற்குப் பாதம் எனப் பொருள் கொண்டு, தேவி ஆற்றில் காலூன்றிய இடம் என விளக்குவது எளிது. வாய்க்கால் என்பதிற்போல நீர்க்கால் எனக் கொள்ளவும் சொல்வளம் இடம் தருகிறது. மூன்றாவதாக, தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமைப் பொருளில் வரும் சொற்களை அடுக்குமிடத்துக் 'கால்' என்பதையும் வைத்துள்ளது. அதன்படி ஆற்றினிடம், ஆற்றங்கரை இடம் எனப் பொருள் அமையும். கிள்ளியாற்றின் அருகமைந்த ஊருக்கு இப்பொருள் நன்கு பொருந்துகிறது. அதே மாவட்டத்து ஆற்றிங்ஙல் என்னும் ஊர்ப்பெயரிலும் ஆறு என்பதும் இடப்பொருள் உறுப்பும் சேர்ந்திருப்பதாகக் கருத இடமுண்டு. பாத விளக்கம் பக்தியால் பிற்காலத்தில் சேர்ந்ததாதல் கூடும்.

கிள்ளியாறு கரமனையாற்றின் கிளையாறாகும். சிலப்பதிகார உரைபெறு கட்டுரையில் கண்ணகிக்கு விழாவெடுத்த சோழனின் பெயர் பெருங்கிள்ளி எனக் கண்ட தமிழ் வாசகருக்கு இவ்வாற்றின் பெயர் ஒரு கிளர்ச்சியைத் தரலாம். ஒலியொப்புமை ஒன்றே சான்றாகாது.

தலவரலாறு

கோயிலின் தொன்மை குறித்துச் சொல்லப்படுவன பெரும்பாலும் வாய்மொழி மரபுகளே. மதுரையை எரித்த கண்ணகி தெற்கே குமரி வழியாகச் சேரநாடு புகுந்து, கொடுங்ஙல்லூர் செல்லும் வழியில் ஆற்றுகாலில் தங்கினாள் என்பது பரவலாக வழங்கும் மரபு. முல்லுவீடு என்னும் தறவாட்டின் மூத்தவர் கிள்ளியாற்றில் மாலைக்குளியலில் இருந்தபோது, ஒரு சிறுமி தோன்றி அக்கரை சேர்க்குமாறு கேட்டாள் என்பது மற்றொன்று. அவர் அவளை அழைத்துச் சென்று உபசரிக்க முனைந்தார், அவள் மறைந்தாள். அன்றிரவு கனவில் தோன்றி, காவில் மூன்று வரைகள் காணுமிடத்தில் தன்னைக் குடியிருத்துமாறு பணித்தாள். மறுநாள் அவ்வரைகள் காணப்பட்டன, கோயில் எழுந்தது.

இக்கதையில் மதுரையும் இல்லை, சிலம்பும் இல்லை. கடத்துத்துறையில் தோன்றும் அறியாச் சிறுமி, கனவு, நிலத்தில் காணும் அடையாளம் என்பன தென்னாட்டு அம்மன் கோயில்கள் பலவற்றின் பொதுக்கதைக் கூறுகள். கண்ணகி வருகை என்னும் மரபும் முல்லுவீட்டுச் சிறுமி மரபும் தனித்தனியே தோன்றிப் பின்னர் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருத்தல் வேண்டும். குத்தியோட்டச் சிறுவர்களுக்குத் தரப்படும் விளக்கமோ முற்றிலும் வேறானது. மகிஷாசுரனோடு பொருத தேவியின் படையில் காயமுற்ற வீரர்களே அச்சிறுவர்கள் என்பர். ஒரே விழாவில் மூன்று கதைகள் ஒன்றையொன்று மறுக்காமல் இயங்குகின்றன.

மரபுக்கும் சடங்குக்கும் இடையிலான ஒரு முரண் இங்கு நோக்கத்தக்கது. தலவரலாற்றின்படி தேவி ஆற்றுகாலிலிருந்து கொடுங்ஙல்லூருக்குச் செல்கிறாள். விழாவின் முதல் நாள் பாடலிலோ கொடுங்ஙல்லூர் அம்மையை அழைத்து வந்து காப்புக் கட்டிக் குடியிருத்துகின்றனர். இறுதி நாளில் காப்பு அவிழ்த்துக் குடியிளக்குகின்றனர். கதையில் பயணம் வடக்கு நோக்கியது; சடங்கில் தெற்கு நோக்கியது. பத்ரகாளிக் கோயில்கள் பலவும் கொடுங்ஙல்லூரை மூலத்தலமாகக் கொள்ளும் கேரள வழக்கைச் சடங்கு காட்டுகிறது. மதுரைத் தொடர்பைக் கதை காட்டுகிறது. சடங்கு எளிதில் மாறுவதன்று என்பதனால், இரண்டனுள் மூத்தது அதுவே எனக் கொள்ளலாம்.

கோயிலின் அருகில் சட்டம்பி சுவாமிகள் (1853–1924) தங்கியதாக ஒரு மரபு உண்டு. மொழிகளின் மூலத்தை ஆராய்ந்து தமிழுக்கு முதன்மை தந்த 'ஆதிபாஷா' அவர் இயற்றியதாகும். மொழியியல் வாசகருக்கு இது கூடுதல் செய்தி மட்டுமே.

பாலகனும் கோவலனும்

தோற்றப்பாட்டில் நாயகி கன்யாவு, நாயகன் பாலகன். தென்கொல்லத்தில் வளர்ந்தவள் அவள்; வடகொல்லத்தினன் அவன். பொற்கொல்லனின் சூழ்ச்சி, சிலம்பு, பாண்டியனின் தண்டனை ஆகியன காப்பியக் கதையோடு ஒத்துச் செல்கின்றன. பாலகன் கொலையுண்ட பகுதி பாடப்பெற்ற பின்னர், துயரத்தின் அடையாளமாக மறுநாட் காலையில் கோயில் நடை தாமதித்தே திறக்கப்படும். அதற்குப் பின் வருவது சிலப்பதிகாரம் அறியாத நிகழ்ச்சியாகும். தேவி கயிலை சென்று சிவனிடம் வரம் பெற்று, கணவனை உயிர்ப்பிக்கிறாள். பின்னரே பாண்டியனைக் கொல்கிறாள்.

உ.வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்த பிறகு, வாய்மொழிக் கண்ணகி கதைகள் யாவும் அந்நூலின் சிதைவுகள் என்னும் எண்ணம் தமிழ் அறிஞரிடையே எளிதில் வேரூன்றியது. இளங்கோவடிகளின் கதையை மலைநாட்டார் மறந்தும் திரித்தும் பாடினர் என்பது அதன் உட்கிடை. தோற்றப்பாட்டைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர் பாலகன் என்பதைக் கோவலன் எனத் 'திருத்துவதும்', உயிர்ப்பித்தல் பகுதியை இடைச்செருகல் என ஒதுக்குவதும் இவ்வெண்ணத்தின் விளைவே. இது கேடு பயப்பது. அவ்வாறு திருத்தினால் மிக அரிய சான்று ஒன்று மறைந்துவிடும்.

அச்சான்று கடலுக்கு அப்பால் உள்ளது. சிங்களப் பத்தினித் தெய்வப் பாடல்களில் பத்தினியின் கணவன் பாலங்க என்னும் பெயராலும் வழங்குகிறான். அவனைக் கொல்வதையும் உயிர்ப்பிப்பதையும் நடித்துக் காட்டும் சடங்கு ஒன்று அங்கு உண்டு. 'மரா இபெத்தீம' என்பது அதன் பெயர். கொன்று பிறப்பித்தல் எனப் பொருள்படும். கணநாத் ஒபயசேகர பத்தினி வழிபாடு குறித்து 1984இல் வெளியிட்ட பெருநூலில் இச்சடங்கை விரிவாக ஆராய்ந்துள்ளார். தென்கேரளத்துப் பாலகனும் சிங்களப் பாலங்கனும் பெயரில் ஒத்துள்ளனர். இறந்து மீள்வதிலும் ஒத்துள்ளனர். இவ்விரண்டும் காப்பியத்தில் இல்லாதவை. ஒரே மூலத்தைத் திரித்த இருவர், தனித்தனியே ஒரே வகையில் திரித்தனர் எனக் கொள்வது அரிது. காப்பியத்திற்குப் புறம்பான ஒரு பொது மரபு இரு நாடுகளிலும் நிலவியது, அல்லது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றது எனக் கொள்வதே முறையாகும். அம்மரபு காப்பியத்திற்கு முந்தியதா பிந்தியதா என்பது வேறு வினா.

பெயரளவில் கோவலன், பாலகன் என்பவை அயலானவையும் அல்ல. ஆயர் என்னும் பொருளில் கோவலர் என்பது சங்க வழக்கு. கோபாலக என்னும் வடசொல்லிலும் ஆவைக் காப்பவன் என்பதே பொருள். அதன் பின்னுறுப்பே பாலக. ஒருபுறம் கோவலன் என்றும் மறுபுறம் பாலகன் என்றும் நிற்பவை ஒரே பொருளின் இரு சொல்லாக்கங்களாதல் கூடும். குழந்தை என்னும் பொருளில் தமிழில் வழங்கும் பாலகனோடு இதனை இணைத்துவிடக் கூடாது. தமிழ்ப் பெயர்ப்பில் அடிக்குறிப்பு இன்றியமையாத இடங்களுள் இது ஒன்று.

நாயகியின் பெயரும் ஊர்தோறும் வேறுபடுகிறது. மட்டக்களப்பில் கண்ணகை, பாலக்காட்டு மூத்தாந்தறையில் கர்ணகி. கர்ணகி என்பது ரகரத்தை மீட்டுச் சேர்த்த வடிவமாகத் தோன்றுகிறது. கர்ண என்பது பிராகிருதத்தில் கண்ண என வருவதை அறிந்த ஒருவர், கண்ணகி என்பதையும் அவ்வாறே வடசொல்லின் திரிபு எனக் கருதித் 'திருந்திய' வடிவம் ஆக்கியிருத்தல் கூடும். கன்யாவு என்பது கன்னித்தன்மையை முன்னிறுத்தும் பெயர். மணமான பெண்ணைக் கன்யாவு என்பது முரணாகப் படலாம். தேவி என்னும் நிலையில் அது முரணன்று.

காப்பியத்திலும் உயிர்ப்பித்தலின் நிழல் இல்லாமல் இல்லை. ஊர்சூழ்வரியில் வெட்டுண்டு கிடந்த கோவலன், கண்ணகி தழுவியவுடன் எழுந்து நின்று, அவள் கண்ணீரைத் துடைத்து, இங்கிருக்க எனக் கூறி விண்ணுலகு செல்கிறான். சில அடிகளில் முடிந்துவிடும் இந்நிகழ்ச்சியை உரையாளரும் திறனாய்வாளரும் கண்ணகியின் மனத்தோற்றமாகக் கொண்டு கடந்துவிடுவதுண்டு. தோற்றப்பாட்டையும் சிங்களச் சடங்கையும் அருகில் வைத்து நோக்கினால் வேறோர் உண்மை புலப்படலாம். சடங்கில் முழுமையாக வழங்கிய உயிர்ப்பித்தலை, சமணச் சார்புடைய காப்பியப் புலவர் ஒரு கணமாகச் சுருக்கினார் எனக் கொள்ளவும் இடமுண்டு.

பாண்டியன் சாவு மற்றொரு வேறுபாடு. காப்பியத்தில் அவன் தன் தவறு உணர்ந்து தானே உயிர் துறக்கிறான். அறம் அவனைக் கொல்கிறது. பாட்டிலோ தேவி அவனை வதைக்கிறாள். இது தாரிகன் வதையின் சாயல் கொண்டது. தமிழ் மரபில் வளர்ந்த மொழிபெயர்ப்பாளருக்கு இவ்விடம் கூச்சம் தருவது இயல்பு. நெடுஞ்செழியனின் பெருமையைக் காக்கும் பொறுப்பு அவருக்கு உரியதன்று.

பாட்டு நிகழ்த்தும் செயல்

தோற்றம் என்னும் சொல்லைத் தோத்திரம் என்பதன் திரிபாகக் கொள்வாரும் உளர். தோன்று என்பதன் பிறவினையான தோற்று என்பதிலிருந்து பெறுவதே பொருந்தும்; தோன்றச் செய்தல் எனப் பொருள்படும். வடகேரளத் தெய்யத்தில் பாட்டு மட்டுமன்றி, முழுக்கோலம் பூணுமுன் வரும் ஆட்டக்காரரின் எளிய வேடமும் தோற்றம் எனப்படும். அங்கும் தெய்வம் மெல்லத் தோன்றும் நிலையே குறிக்கப்படுகிறது. தமிழில் தோற்றம் என்றால் காட்சி, உருவம், பிறப்பு எனப் பொருள் விரியும். 'தோற்றப்பாட்டு' என அப்படியே எழுதினால், தோன்றச் செய்யும் பாட்டு என்னும் செயற்பொருள் மறைந்துபோகிறது. ஆகவே முதல் வழக்கிலேனும் விளக்கம் தேவை.

ஜே.எல். ஆஸ்டின் 1955இல் ஆற்றி 1962இல் நூலாக வெளிவந்த உரைகளில், உலகை விவரிக்கும் கூற்றையும் ஒரு செயலை நிகழ்த்தும் கூற்றையும் வேறுபடுத்தினார். ஆற்றுகாலில் பாண்டியன் வதை பாடப்பெறுவதை இவ்வகைச் செயற்கூற்றின் பெரிய அளவிலான சான்றாகக் கொள்ளலாம். பாட்டு அவ்விடத்தை எட்டியவுடன் கருவறை விளக்கிலிருந்து தந்திரி தீ எடுத்து மேல்சாந்தியிடம் தருகிறார். கோயில் மடைப்பள்ளி அடுப்பும் பண்டார அடுப்பும் மூட்டப்பட்ட பின், அத்தீ அடுப்பிலிருந்து அடுப்புக்குப் பரவி நகரத் தெருக்களை அடைகிறது. அரசன் 'இறந்தான்' என்பது பழங்கதைச் செய்தியாயின் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. பாடும் கணத்தில் அவன் இறக்கிறான். ஆதலால் பொங்காலை வெற்றிப் பொங்கலாகிறது. மதுரையை எரித்த தீயே அடுப்பில் எரிவதாகவும் கருதலாம். பாட்டும் தீயும் ஒரே கணத்தில் சேர்வதால் இதற்கு இடம் ஏற்படுகிறது.

மொழிபெயர்ப்புக்கு இதனால் எழும் சிக்கல் காலம் காட்டும் வினையில் உள்ளது. தமிழ்க் கதைப்பாடல் மரபுப்படி இறந்தகால வினைமுற்றால் பெயர்த்தால் நிகழ்வுத்தன்மை குன்றும். நிகழ்காலத்தால் பெயர்த்தால் பாட்டின் நடை குன்றும். தென்திருவிதாங்கூர்ப் பழம்பாட்டுகளில் ஆன், ஆள் என்னும் பாலிட விகுதிகள் இன்றும் ஒலிக்கின்றன. இன்றைய மலையாள வினைமுற்றில் அவை மறைந்துவிட்டன, ஏ.ஆர். இராஜராஜவர்மா கேரளபாணினீயத்தில் இதனைப் புருஷபேத நிராசம் எனப் பெயரிட்டார். கோவளம் பகுதியில் தோன்றிய அய்யிப்பிள்ளை ஆசானின் இராமகதைப்பாட்டு போன்றவற்றின் மொழியும் இத்தகைய இடைநிலை உடையதே. இவ்விகுதிகள் தமிழருக்கு இயல்பாகத் தோன்றும். மலையாளிக்குத் தொன்மையாகத் தோன்றும். எனவே தமிழில் பெயர்க்கும்போது பாட்டு எளிதாகிவிடுகிறது. அதன் தொன்மைச் சுவை கரைந்துவிடுகிறது. இதற்கு முழுத் தீர்வு காண்பது அரிது. சற்றுப் பழைய தமிழ் வடிவங்களை ஆங்காங்கே பெய்வது ஓரளவு உதவும்.

பொங்காலையும் பிற சொற்களும்

பொங்கல், பொங்காலை என்னும் இரண்டும் 'இடு' என்னும் வினையோடே வருகின்றன: பொங்கலிடு, பொங்காலையிடு. பகுதி ஒன்றே என்பதில் ஐயமில்லை. ஆயினும் மலையாளத்தில் இப்பகுதியின் வினைவடிவம் 'பொங்ஙுக' என்பதாகும். மெல்லினத்தை அடுத்த வல்லினம் தானும் மெல்லினமாகிவிட்டது. மாங்காய் 'மாங்ஙா' ஆனதும் வந்தான் என்பதன் இடத்தில் 'வன்னு' நிற்பதும் இம்மாற்றத்தாலேயே. கேரளபாணினீயம் இதனை அனுநாசிகாதிப்பிரசரம் என்கிறது. வினை மாறியிருக்க, பொங்காலை என்னும் பெயர் மட்டும் ககரத்தை விடாமல் நிற்பது எதனால்? தமிழ் வழக்கு நிலவிய தென்பகுதியிலிருந்து சடங்கோடு சேர்ந்து வந்த சொல் என்பது ஒரு விடை. திங்கள் முதலிய சொற்களும் மலையாளத்தில் ககரத்தைக் காத்துள்ளமையால், இதனையே முடிந்த சான்றாகக் கொள்ளுதல் இயலாது. வினையின் பொருளும் விலகியுள்ளது. பொங்ஙுக என்பது இன்று பெரும்பாலும் உயர்தல், மிதத்தல் என்பவற்றைக் குறிக்கிறது. நீர் கொதிப்பதற்குத் 'திளய்க்குக' என்பதே சொல். பொங்கி வழிதல் என்னும் பழம்பொருளைச் சடங்குப்பெயர் ஒன்றே முழுமையாகத் தாங்கி நிற்கிறது.

வடிவம் ஒத்துப் பொருள் வேறுபடும் சொற்களே மொழிபெயர்ப்பாளரைப் பெரிதும் ஏமாற்றுவன. 'காப்புகெட்டு' என்பதைக் கண்ட தமிழர் காப்புக் கெட்டுப்போயிற்று என எண்ணக்கூடும். தமிழ்க் கட்டு என்பதே அங்குக் கெட்டு. 'காவு' என்றதும் இன்றைய தமிழர் பலியை நினைப்பர். அங்கு அது தெய்வச் சோலை, தமிழ்க் 'கா'. 'பண்டார அடுப்பு' என்பது பண்டாரம் எனப்படும் பூசாரியின் அடுப்பன்று. கருவூலம், அரசு அல்லது கோயில் உடைமை என்னும் பொருளில் வருவது அது. 1865ஆம் ஆண்டின் பண்டாரப்பாட்ட விளம்பரத்தால் திருவிதாங்கூர் நிலவரலாற்றிலும் இச்சொல் அறியப்படும். 'மண்டைப்புற்று' என்பது தலைநோய் தீரப் படைக்கப்படும் உருண்டைப் பணியாரம். ஆங்கில எழுத்தில் புற்றும் புட்டும் ஒன்றாகிவிடுவதால், இதனை ஒருவகைப் புட்டு என எழுதிவிடுதல் எளிது. 1956 நவம்பர் முதல் நாள் வரை முதலில் திருவிதாங்கூரிலும் பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சியிலும் அடங்கியிருந்த மண்டைக்காட்டில் மூலவடிவமே புற்று. அங்கும் தலைநோய்க்கு மண்டையப்பம் படைக்கப்படுகிறது. தாலப்பொலியில் வரும் பொலி, களத்தில் நெல் தூற்றுவோர் எழுப்பும் 'பொலியோ பொலி' என்பதில் உள்ளதே. தட்டு ஏந்தி வரும் ஊர்வலம் எனப் பெயர்த்தால் வளம் பெருகுக என்னும் வாழ்த்து விடுபட்டுவிடும்.

குத்தியோட்டம் என்பது பொருள் வெளிப்படையான சொல். ஏழு நாள் நோன்பிருந்து 1008 முறை வீழ்ந்து வணங்கும் சிறுவர்களின் விலாவில் மெல்லிய வெள்ளிக்கம்பி கோக்கப்படும். பொங்காலை நாளிரவில் அவர்கள் மணக்காடு சாஸ்தா கோயில் வரை ஊர்வலமாகச் செல்வர். 2018இல் இவ்வழக்கத்திற்கு எதிராகக் குழந்தைகள் உரிமை சார்ந்த கண்டனம் எழுந்தது. மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தானாக முன்வந்து வழக்குப் பதிந்தது. அவ்விவாதத்தில் ஒருசாரார் 'நேர்ச்சை' என்றும் மறுசாரார் 'குத்துதல்' என்றும் சொல்லைத் தேர்ந்தனர். தமிழில் அலகு குத்துதல் என்னும் சொல் ஆயத்தமாக இருப்பினும், அது நாவிலும் கன்னத்திலும் வேல் தரிப்பதையே பெரிதும் குறிப்பதால் இவ்விடத்தில் பொருந்தாது. மூலச்சொல்லை அப்படியே வைத்தலே தக்கது.

பத்தாம் நாள் இரவில் நிகழும் குருதி தர்ப்பணத்தோடு விழா முடிகிறது. குருதி, சங்கத்தமிழ் முதல் வழங்கும் சொல். இன்றைய தமிழ்ப் பேச்சில் இரத்தம் அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. மலையாளப் பேச்சில் சோர என்பதே வழக்கு. குருதி சடங்குச் சொல்லாகச் சுருங்கி, 'குருதி' என்றும் 'குருசி' என்றும் ஒலிக்கிறது. அதன் பொருளும் மாறியுள்ளது: மஞ்சளும் சுண்ணாம்பும் நீரில் கரைத்துச் செந்நிறமாக்கிய கலவையே அங்குக் குருதி. தமிழ்ப் பெயர்ப்பில் இதனை 'இரத்தப் பலி' என எழுதிய குறிப்புகள் கோயிலில் நடவாத ஒன்றை நடந்ததாக ஆக்கிவிடும். 'குருதி நீர்' எனப் பெயர்த்து, மஞ்சள் சுண்ணாம்புக் கலவை என ஒருமுறை விளக்கிவிட்டால் போதும்.